தூங்கும் செல் எதைச் சாப்பிடுகிறது?

சித்தப்பா பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ரொட்டி சானாய்க் கடை வைத்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி 9 மணிக்கு மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் எண்ணெயில் புரட்டி, தட்டில் நெருக்கமாக அடுக்கி மூடி வைத்துவிடுவார். காலை 6 மணிக்கு அந்த உருண்டையை எடுத்து விசிறினால் வேட்டித் துணி மாதிரி விரியும். அப்போதுதான் பிசைந்த மாவை அப்படி விசிறிப் பாருங்கள், கிழிந்து கையோடு வரும். போன மாதம் ஒரு ராத்திரி அவர் உருண்டை பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சித்தி திடீரென்று என்னைக் கேட்டார்: “ஏம்மா, மூளையில செல்லு செத்தா செத்ததுதானாமே, புதுசா முளைக்கவே முளைக்காதாமே, நெசமா?”

சித்திக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து 8 வருஷம். இப்போதெல்லாம் பேர் சட்டென்று ஞாபகம் வருவதில்லை, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன் என்று அடிக்கடி சொல்கிறார். நான் உயிரியல் படித்தவள் என்பதால் வீட்டில் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். அன்றைக்கு “முளைக்கும் சித்தி, கொஞ்சம் முளைக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது பதிலே இல்லை. முளைக்குமா என்பதோடு கேள்வி முடியவில்லை, புதுச் செல்லைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்லை எது எழுப்புகிறது, எது தூங்க வைக்கிறது என்று ஆராய்ச்சிக்கூடங்களில் 10, 15 வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் கிடைத்த பதில்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்தச் செல் தனக்குள்ளே சர்க்கரையையும் கொழுப்பையும் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. சித்திக்குச் சொல்ல வேண்டியதை இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன், உயிரியல் படிக்காதவர்களும் படிக்கிற மாதிரி.

முதலில், அந்தப் பழைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ராமோன் இ கஹால், நரம்பணுவின் வடிவத்தை முதன்முதலில் ஒழுங்காக வரைந்து காட்டி 1906இல் நோபல் பரிசு பெற்றவர், வளர்ந்த மூளையில் நரம்புகள் மறுபடி பிறப்பதில்லை என்று அழுத்தமாக எழுதிவிட்டார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு உண்டா? 1962இல் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் வளர்ந்த எலியின் மூளையில் புது நரம்பணு பிறப்பதற்கான தடயத்தைக் காட்டியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் ஃபெர்னாண்டோ நாட்டபாம், கேனரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கான பகுதியில் புதுச் செல்கள் சேர்வதைக் காட்டினார். 1992இல் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே அந்தத் தாய்ச் செல்லை, அதாவது ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். 1998இல் தான் மனிதன் வந்தான். புற்றுநோய்ச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று பார்ப்பதற்காகச் சில நோயாளிகளுக்கு ஒரு அடையாளப் பொருளை ஊசியில் கொடுத்திருந்தார்கள், அவர்களில் 5 பேர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியில் அந்த அடையாளம் ஏறிய நரம்பணுக்கள் இருந்தன. ஊசி போட்ட நாளுக்குப் பிறகு பிறந்தால்தான் அந்த அடையாளம் ஏறியிருக்க முடியும்.

அடுத்த சான்று இன்னும் வினோதமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்கள், அதனால் காற்றில் கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன் ஏகமாக ஏறியது. அந்தச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருக்கும் கார்பன் செடிக்குள் போகிறது, செடியை நாமும் ஆடுமாடும் தின்கிறோம், நம் உடம்பில் ஒரு செல் பிரியும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த வருஷத்துக் காற்றின் கணக்கு அப்படியே பதிந்துவிடுகிறது. சாப்பாட்டின் வழியே எழுதப்பட்ட பிறந்த தேதி அது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு இதை வைத்து இறந்தவர்களின் நரம்பணுக்களுக்கு வயது கணக்கிட்டு, ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளுக்குச் சுமார் 700 புது நரம்பணுக்கள் சேர்கின்றன என்று 2013இல் சொன்னது.

இது எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் என்று சொன்னால் அது பொய். 2018இல் ஒரே வருஷத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்று வளர்ந்த மனித ஹிப்போகாம்பஸில் புதுச் செல்லே தென்படவில்லை என்றது, இன்னொன்று வயதான பிறகும் தொடர்கிறது என்றது. இறந்தவரின் மூளை எவ்வளவு சீக்கிரம் பதப்படுத்தப்பட்டது, எந்த முறையில் சாயம் ஏற்றினார்கள் என்பதிலெல்லாம் முடிவு மாறுகிறது. 2025இல் ஃப்ரிசேன் குழுவே வளர்ந்த மனித மூளையில் பிரிந்துகொண்டிருக்கும், பிறகு நரம்பணுவாகப் போகிற முன்னோடிச் செல்களை அடையாளம் கண்டதாக எழுதியது, சிலரிடம் நிறைய, சிலரிடம் மிகக் கொஞ்சம். இருக்கிறது என்கிற பக்கம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. எண்ணிக்கை எவ்வளவு என்பதில் நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

சரி, அந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன? சுண்டெலியில் இரண்டு இடம். ஒன்று மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளின் சுவர், அங்கே பிறக்கும் செல்கள் மூக்குக்குப் பின்னால் மணத்தைக் கவனிக்கும் பகுதி வரை நடந்து போகின்றன. இன்னொன்று ஹிப்போகாம்பஸ், காதுக்கு நேர் உள்ளே கடற்குதிரை மாதிரி சுருண்டு கிடக்கிற, புதிதாக ஒன்றை மனத்தில் பதியவைக்கிற பகுதி. அதில் ஒரு மெல்லிய பட்டையில் ஸ்டெம் செல்கள், தமிழில் குருத்தணு என்கிறோமே அவைதான், வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வாழைக்குருத்து மாதிரி சதா வளர்ந்துகொண்டே இருக்கும் என்று அந்தப் பேரை வைத்து நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவை தூங்குகின்றன. நாள் கணக்கில், மாதக் கணக்கில் பிரியாமல் கிடக்கும். ஏதோ ஒரு நாள் ஒன்று விழிக்கும், பிரியும், அதன் பிள்ளைகள் வேகமாகப் பெருகும், அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகும், மிஞ்சியது சில வாரங்களில் கைகால் நீட்டி நரம்பணுவாக மாறிப் பக்கத்துச் செல்களோடு பேச ஆரம்பிக்கும்.

தூங்குவது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை விழித்துப் பிரியும்போதும் கையிருப்பு கொஞ்சம் கரைகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் இளமையிலேயே சேமிப்பு காலி. எப்போதுமே தூங்கினால் சேமித்து என்ன பயன்? விழிக்கிறதா, தூங்குகிறதா என்கிற அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த முடிவை எடுப்பது ஜீன்கள், பக்கத்துச் செல்களிலிருந்து வரும் சமிக்ஞைகள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். வளர்சிதை மாற்றம், அதாவது செல் உணவை எரித்துச் சக்தி எடுப்பது, வீட்டுக்கு மின்சாரம் வருகிற மாதிரிப் பின்னால் ஓடுகிற ஒரு வேலை, அவ்வளவுதான் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கேதான் தப்பு.

தமிழில் இந்தச் சொல்லை ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள். வளர், சிதை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான் இதைக் கவனித்ததே இல்லை. ஒரு செல்லுக்குள் ஓயாமல் இரண்டு வேலை நடக்கிறது: சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய பொருளாகக் கட்டுவது, பெரிய பொருளைச் சிதைத்துச் சக்தி எடுப்பது. கட்டினால் சக்தி செலவு, சிதைத்தால் சக்தி வரவு. மூளை ஸ்டெம் செல்லின் கதை முழுக்க இந்த இரண்டு எழுத்துக்கூட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதுவும் குறிப்பாகக் கொழுப்பு விஷயத்தில்.

அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை. ஒரு குளுக்கோஸ் செல்லுக்குள் வந்தால் முதலில் இரண்டாக உடைந்து இரண்டு பைருவேட் ஆகிறது. இந்த முதல் உடைப்பில் கிடைக்கும் லாபம் 2 ஏ.டி.பி., ஏ.டி.பி. என்பது செல்லுக்குள் செல்லுபடியாகும் காசு. அந்தப் பைருவேட், செல்லுக்குள் சக்தி எடுக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுசாக எரிந்தால் மொத்தத்தில் 30க்கும் மேல் கிடைக்கும். அப்படியென்றால் வேகமாகப் பெருகும் செல் எல்லாவற்றையும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தானே அனுப்ப வேண்டும்? அதுதான் இல்லை. பெருகும் செல்லுக்குக் காசைவிடச் சரக்கு முக்கியம். இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ. இரண்டு பங்கு வேண்டும், புரதம் இரண்டு பங்கு, சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு பங்கு. எல்லாக் கார்பனையும் எரித்துவிட்டால் எதை வைத்துக் கட்டுவது?

சவ்வு என்றதும் கொழுப்பு வந்துவிடுகிறது, ஏனென்றால் செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. 2013இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் மார்லென் க்னோப்லோக், செபாஸ்டியன் யெஸ்பெர்கர் இருவரின் குழு ஒரு விஷயத்தைக் காட்டியது. மூளை ஸ்டெம் செல்கள் தங்களுக்கு வேண்டிய கொழுப்பைத் தாங்களே தயாரிக்கின்றன. சுற்றிலும் மூளை, அதில் கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை, இருந்தும் சொந்தச் சமையல். அந்தச் சமையலைச் செய்யும் நொதியின் பேர் ஃபாஸ்ன், கொழுப்பு அமிலத்தைக் கட்டும் நொதி. எலியின் ஸ்டெம் செல்லில் அந்த ஜீனை நீக்கியதும் பெருக்கம் குறைந்தது, புது நரம்பணு பிறப்பதும் குறைந்தது. இன்னொன்றும் பார்த்தார்கள். அடிக்கடி பிரியாமல் மெதுவாக இருக்கும் செல்களில் ஸ்பாட்-14 என்கிற புரதம் நிறைய இருந்தது, அது கொழுப்புக் கட்டுவதற்கான மூலப்பொருள் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. சமையலறையில் அரிசியைப் பூட்டி வைக்கிற மாதிரி.

அந்த மூலப்பொருளின் பேர் மெலோனைல் கோ-ஏ. பேர் நாக்கில் சுலபமாக வராது, ஆனால் தயவுசெய்து இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தக் கதையும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கொழுப்பை எரிக்கிற பக்கத்துக்கு வருவோம். கொழுப்பு எரிவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். நீளமான கொழுப்பு அமிலம் அதன் சவ்வைத் தானாகத் தாண்ட முடியாது. பினாங்குப் பாலம் 1985இல் திறப்பதற்கு முன்னால் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வர ஃபெரியை விட்டால் வழியில்லை என்று அப்பா சொல்வார், அந்த நிலைமைதான் இதற்கும். கார்னிட்டின் என்கிற ஒரு ஃபெரியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஃபெரித்துறையில் டிக்கெட் கவுண்டர் மாதிரி சி.பி.டி.1 என்கிற நொதி உட்கார்ந்திருக்கிறது. அது ஏற்றிவிட்டால்தான் பயணம். இப்போது பாருங்கள், மெலோனைல் கோ-ஏ அதிகமானால் அந்தக் கவுண்டரைப் பூட்டிவிடுகிறது. ஒரே பொருள்தான், இந்தப் பக்கம் கொழுப்பைக் கட்டுவதற்கு மூலப்பொருள், அந்தப் பக்கம் கொழுப்பை எரிக்கும் வழிக்குப் பூட்டு. கட்டுகிற செல் எரிக்காது, எரிக்கிற செல் கட்டாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து வீணாக்காமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு, கல்லீரலில் இது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம்.

2017இல் அதே குழு இதை மூளை ஸ்டெம் செல்லில் சோதித்தது. தூங்கும் செல்கள் கொழுப்பை நிறைய எரிக்கின்றன, விழித்துப் பெருகும் செல்கள் அதைக் குறைத்துவிடுகின்றன. சரி, விழித்ததால் எரிப்பது குறைந்ததா, எரிப்பது குறைந்ததால் விழித்ததா? எனக்கு இந்த மாதிரி ஆய்வைப் படிக்கும்போது முதலில் தோன்றும் கேள்வியே இதுதான். அவர்களும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மெலோனைல் கோ-ஏயின் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த செல்களைத் தூக்கத்திலிருந்து வெளியே கொண்டுவர அதுவே போதுமாக இருந்தது. இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன். வெறும் சமையல் சாமான் என்று நினைத்த ஒரு சின்ன மூலக்கூறு, ‘எழுந்திரு’ என்று கட்டளை இடுகிறது.

எப்படி முடிகிறது? ஒரு வழி பொதுவாக எல்லாச் செல்களிலும் தெரிந்தது. எந்த ஜீன் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதற்கு டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களின் மேல் சின்னச் சின்ன முத்திரைகள் குத்தப்படுகின்றன. அந்த முத்திரைகளில் ஒன்று அசிட்டைல். அது எங்கிருந்து வருகிறது என்றால், சர்க்கரையும் கொழுப்பும் உடைந்து வரும் அசிட்டைல் கோ-ஏவிலிருந்து. ஒரு செல் எதை எரிக்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்பது அதன் ஜீன்களுக்கே தெரிந்துவிடுகிறது. வீட்டில் பெரியவர்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிடலாமா என்று முடிவு செய்வார்களே, அதே மாதிரி.

சித்தப்பாவின் மாவு உருண்டைக்குத் திரும்புகிறேன். அந்த உருண்டைகளை அவர் எண்ணெயில் புரட்டுகிறார் இல்லையா, மூளை ஸ்டெம் செல்லுக்குள்ளும் எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன. கொழுப்புத் துளிகள், நுண்நோக்கியில் குட்டிக் குட்டி மணி மாதிரி தெரியும். 2021இல் க்னோப்லோக்கின் குழு எலியின் ஸ்டெம் செல்களில் இவை ஏராளமாக இருப்பதைக் காட்டியது. துளி சேர்வதைத் தடுத்தாலும் செல் பெருகுவது குறைகிறது, சேர்ந்த துளி கரைவதைத் தடுத்தாலும் குறைகிறது. இரண்டும் வேண்டியிருக்கிறது, வளரும் வேண்டும், சிதையும் வேண்டும். மாவு உருண்டை எண்ணெயை எரிப்பதில்லை, அது சும்மா ஊறுகிறது, ஆகவே உவமையை அதற்கு மேல் இழுக்க மாட்டேன். ஆனால் ‘சும்மா கிடக்கிறது’ என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் மாவு பதமாகிறது என்கிற இடம் வரைக்கும் பொருந்துகிறது.

தூங்கும் செல் குறைந்த செலவில், மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் தொடாமல், மேலோட்டமாகச் சர்க்கரையை உடைத்து உயிர் வாழ்கிறது என்று பல வருஷம் பாடமாகவே இருந்தது. 2023இல் அதுவும் ஆட்டம் கண்டது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய ஒரு தனி வாசல் உண்டு, அந்த வாசல் தூங்கும் செல்களில்தான் நிறைய இருந்தது. அதாவது அவை தூங்கினாலும் உள்ளே உலை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த வாசலை மருந்தால் மூடினாலும், ஜீனையே நீக்கினாலும், செல்கள் விழித்துக்கொண்டன. வயதான எலிகளில்கூடப் புது நரம்பணுக்கள் கூடின. ஜார்ஜ்டவுனில் விடியற்காலை 4 மணிக்கு நடந்து பாருங்கள், நாசி கண்டார்க் கடை சாத்தியிருக்கும், உள்ளே குழம்பு கொதிக்கும் வாசம் தெரு முனை வரை வரும். சாத்தியிருக்கிறது என்பதால் அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம், மைட்டோகாண்ட்ரியாவை மூடினால் எல்லாம் நல்லதுதானே என்று அவசரப்படக் கூடாது. ஸ்டெம் செல் விழித்துப் பிள்ளைகள் பெற்ற பிறகு, அந்தப் பிள்ளைகள் நரம்பணுவாக முதிரும் கட்டத்தில் மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்தே ஆக வேண்டும், அதை எலிகளில் கெடுத்துப் பார்த்தபோது புது நரம்பணு உருவாவது தடைப்பட்டது. ஒரே குடும்பம், வயசுக்கு வயசு வேறே சாப்பாடு.

மனிதனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், 2020இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு குடும்பத்தில் ஃபாஸ்ன் ஜீனில், ஆமாம், அந்தக் கொழுப்புச் சமையல்காரர்தான், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றத்தை எலியில் கொண்டுவந்தபோது ஸ்டெம் செல்களின் வேலை குறைந்தது, எலிகளுக்குக் கற்பதிலும் நினைவிலும் குறை வந்தது. கொழுப்பைக் கட்டும் ஒரு நொதியிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்பு வரைக்கும் ஒரு கோடு போகிறது.

இனி முதுமை. சித்தியின் கேள்வி உண்மையில் இதைப் பற்றித்தான்.

வயதானால் ஸ்டெம் செல்கள் இல்லாமல் போவது ஒரு பக்கம், இருப்பவை விழிக்க மறுப்பது இன்னொரு பக்கம். ஸ்டான்ஃபோர்டில் ஆன் ப்ருனே குழு 2018இல் காட்டியது இது: தூங்கும் செல்கள், கெட்டுப்போய்க் கட்டிபிடித்த புரதங்களை லைசோசோம் என்கிற குப்பைப் பைகளில் சேர்த்து வைக்கின்றன. இளமையில் அந்தப் பை குப்பையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். வயதானால் பை மந்தமாகிறது, குப்பை தேங்குகிறது. லைசோசோமை மறுபடி சுறுசுறுப்பாக்கினால் வயதான செல்களின் விழிக்கும் திறன் ஓரளவு திரும்புகிறது. சிதைப்பது சரியாக நடக்காவிட்டால் வளர்ப்பதும் நின்றுவிடுகிறது.

2024இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வயதான எலியின் ஸ்டெம் செல்களை எடுத்து, ஒவ்வொரு ஜீனாக நீக்கி, எதை நீக்கினால் மறுபடி விழிக்கிறது என்று மொத்த ஜீன் தொகுப்பையும் அலசினார்கள். 300க்கும் மேல் கிடைத்தன. அவற்றில் சிலவற்றை உயிருள்ள வயதான எலிகளின் மூளையிலேயே சோதித்தபோது முன்னால் வந்து நின்றது, குளுட்-4 என்கிற புரதத்துக்கான ஜீன். குளுக்கோஸை வெளியிலிருந்து செல்லுக்குள் விடும் கதவு அது, தசையில் இன்சுலின் வந்து தட்டினால் திறக்கும் கதவு என்று சர்க்கரை நோயைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வயதான ஸ்டெம் செல்கள் இளம் செல்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கதவை நீக்கியதும் விழித்தன. தட்டில் வளர்த்த வயதான செல்களுக்குக் கொஞ்ச நேரம் குளுக்கோஸே கொடுக்காமல் விட்டபோதும் விழிக்கும் திறன் கூடியது. பசி எழுப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

இதைச் சித்தியிடம் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதேதான் கேட்டார். போன ஞாயிறு பசியாறிக்கொண்டிருக்கும்போது இவ்வளவையும் சொல்லி முடித்தேன், ரொட்டியைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, “அப்ப நான் சாப்பிடாம இருந்தா நல்லதா?” என்றார்.

இல்லை சித்தி. ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன். அந்தச் செல்கள் தட்டில் இருந்தவை, எலியுடையவை, பட்டினி கிடந்தது அந்தச் செல் மட்டும். நீங்கள் பட்டினி கிடந்தால் மொத்த உடம்பும் கிடக்கும், மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது, ஏற்கெனவே இருக்கும் நரம்பணுக்களுக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதிலும் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று அபாயமாக இறங்கலாம். மருந்தை, சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

உடம்பு முழுக்கப் பார்த்தால் நம்பிச் சொல்லக்கூடியவை வேறு சில இருக்கின்றன. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் ஹிப்போகாம்பஸில் புதுச் செல்கள் குறைகின்றன, அதற்கு ஒரு முக்கியக் காரணம் மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன் கூடுவது, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபோது செல்கள் பிறப்பதும் மீண்டது, 2008இல் காட்டினார்கள். மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, ஆகவே இது எலிகளின் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓட்டத்தைப் பற்றியும் தெரியும். 1999இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் எலிக்கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்தார்கள், கட்டாயம் எதுவும் இல்லை, எலிகள் தாமாகவே ஓடின, பிழைத்து நிலைத்த புதுச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. மனிதர்களில் 2011இல் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு வருஷம் வாரத்துக்கு 3 நாள் நடக்கவைத்தார்கள், இன்னொரு பாதிக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது, மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சுருங்கியது. அந்த 2 சதவீதமும் புது நரம்பணுதான் என்று சொல்ல முடியாது, ரத்தக் குழாய்கள் கூடியிருக்கலாம், இருக்கும் செல்கள் கிளை விட்டிருக்கலாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் ஒரு தனி ஸ்டெம் செல் விழித்ததைக் காட்டும் ஸ்கேன் இன்றைக்கு இல்லை.

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த எலிங்கள யாரும் வெரட்டலயா, தானாவே ஓடுச்சிங்களா?” என்று கேட்டார். தானாகவேதான் சித்தி என்றேன். தண்ணீர்மலைத் தோட்டத்துக்குக் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா கல்லில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, அஞ்சு மணிக்கே ஆள் நடக்க ஆரம்பிச்சுடும், மாத்திரை போட்டுட்டு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போ என்றார்.